பூசைக்கு மட்டும்

மனையும் நலமும் – 12

தமிழ்நாட்டு வீடுகளில் பூசைக்கென ஒதுக்கப்படும் மரப்பலகையோ சுவர்மாடமோ அளவில் சிறியது என்றாலும், ஒரு குடும்பம் கடையில் வாங்கிவரும் வேதிப்பொருள்களில் கணிசமானவை அங்கேதான் வந்து சேர்கின்றன என்பதும், அவை குளியலறையில் இருக்கும் சோப்பையும் சலவைத்தூளையும்விட நெருக்கமாக உடலைத் தொடுகின்றன என்பதும் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. குங்குமமும் சந்தனமும் நெற்றியில் இடப்படுகின்றன. திருநீறு நெற்றியில் பூசப்படுவதோடு ஒரு சிட்டிகை குழந்தையின் நாவிலும் வைக்கப்படுகிறது. கற்பூரமும் சாம்பிராணியும் ஊதுபத்தியும் எரிந்து அறைக்காற்றோடு கலந்து நுரையீரலுக்குள் செல்கின்றன. மஞ்சளோ தாலிச்சரட்டிலும் முகத்திலும் குழம்பிலும் ஒரே நாளில் இடம்பெறுகிறது. சென்ற இரு பகுதிகளில் அடுக்களைப் பாத்திரங்களின் உலோகங்கள் ஆராயப்பட்டன; குடும்ப உறவும் இறைநம்பிக்கையும் கடைச்சரக்கும் ஒன்றாகக் கலக்கும் பூசை அலமாரி இப்பகுதியில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இந்தியச் சட்டம் ஒரு பொருளை அதன் நோக்கத்தைக் கொண்டே வகைப்படுத்துகிறது. உண்பதற்கானது எனில் அது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். உடலில் பூசி அழகுபடுத்துவதற்கானது எனில் 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் அதன் வழிவந்த 2020ஆம் ஆண்டு விதிகளும் அதை ஆளும். அந்த விதிகளின்படி அழகுசாதனப் பொருள்களில் சேர்க்கப்படும் நிறமிகளில் காரீயம் பத்து இலட்சத்தில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. காரீயச் சேர்மங்களையும் ஆர்செனிக் சேர்மங்களையும் நிறத்துக்காகச் சேர்ப்பதற்கும் தடை உண்டு. ஆனால், பொட்டலத்தின் மூலையில் ‘பூசைக்கு மட்டும்’ என்ற இரண்டு சொற்கள் அச்சிடப்பட்டுவிட்டால், உள்ளே இருக்கும் பொடி உணவும் அன்று, அழகுசாதனமும் அன்று என்ற நிலை உருவாகி, அதைச் சோதித்துப் பார்க்கும் கடமை எந்த அலுவலருக்கு உரியது என்பதே தெளிவற்றுப் போகிறது. கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் இச்சொற்கள் ஒரு கவசம்; வீட்டுக்குள் வந்தபிறகு அவற்றுக்குப் பொருளே இல்லை. பூசைத்தட்டில் இருந்த குங்குமம்தான் நெற்றிக்கும் வகிட்டுக்கும் மாங்கல்யத்துக்கும் செல்கிறது. தாய் மடியில் கிடக்கும் கைக்குழந்தை அந்த மாங்கல்யத்தைப் பிடித்திழுத்து வாயில் வைத்துச் சப்புகிறது. சட்டம் நோக்கத்தால் பிரிக்கிறது, குடும்பம் புனிதத்தால் பிரிக்கிறது, குழந்தையோ எதையும் பிரிப்பதில்லை என்ற இந்த எளிய உண்மையை முன்வைத்தே இப்பொருள்கள் ஒவ்வொன்றையும் மதிப்பிட வேண்டியிருக்கிறது.

மரபான குங்குமத்தின் மூலப்பொருள் மஞ்சளே ஆகும். குண்டு மஞ்சளைச் சிறு துண்டுகளாக உடைத்து, எலுமிச்சைச் சாற்றில் வெண்காரத்தையும் படிகாரத்தையும் கரைத்து அதில் ஊறவிட்டு, நிழலில் நன்கு உலர்த்தி, இடித்துச் சலித்து, இறுதியில் சிறிது நல்லெண்ணெயோ நெய்யோ விட்டுப் பிசறி வைப்பது பரவலாக அறியப்பட்ட வீட்டுமுறை. மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்துச் சிவப்பாக்குவது மற்றொரு முறை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீர் செந்நிறம் கொள்வது இந்த வினையால்தான். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்னும் வேதிப்பொருள், காரத்தன்மை மிகுந்த சூழலில் சிவந்து, அமிலம் பட்டதும் மீண்டும் மஞ்சளாகும் இயல்புடையது. எனவே சுண்ணாம்பு முறையில் செய்த குங்குமத்தின்மீது எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் மஞ்சளாக மாறும். வெண்கார முறையில் நிகழ்வது வேறு: வெண்காரத்தில் உள்ள போரான் என்னும் தனிமம், அமிலச் சூழலில் குர்குமினோடு இணைந்து சிவந்த சேர்மங்களை உண்டாக்குகிறது, இவை எலுமிச்சைச் சாற்றால் நிறம் மாறுவதில்லை. வேதியியல் ஆய்வகங்களில் போரானைக் கண்டறிவதற்கு மஞ்சள் தோய்த்த தாளைப் பயன்படுத்தும் பழைய சோதனையும் இதே வினையை அடிப்படையாகக் கொண்டதுதான். செயற்கைச் சாயம் சேர்த்த குங்குமமும் எலுமிச்சைக்கு அசைவதில்லை என்பதால், வீட்டில் செய்துபார்க்கும் இச்சோதனை சுண்ணாம்புக் குங்குமத்தை அடையாளம் காட்டுமேயன்றி, நிறம் மாறாத குங்குமம் போலி என்பதற்கோ நிறம் மாறிய குங்குமத்தில் வேறெந்தக் கலப்பும் இல்லை என்பதற்கோ சான்றாகாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, காரீயம் கலந்திருப்பதை எந்த அடுக்களைச் சோதனையாலும் கண்டறிய இயலாது என்பதாகும்.

கடையில் கிலோக் கணக்கில் விற்கும் மலிவான குங்குமம் இவ்விரு முறைகளிலும் செய்யப்பட்டதாக இருப்பது அரிது. மாவுப்பொருளோ வெண்கனிமத் தூளோ அடிப்படையாகி, அதன்மீது துணிக்கும் தாளுக்கும் ஏற்றும் சாயங்களில் ஒன்று ஏற்றப்படுவதே மலிவுக்குக் காரணம். அசோ சாயங்கள் எனப்படும் செயற்கை நிறமிகள் தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தோல்நோய்த் துறையினர் குங்குமத்தால் தோலழற்சி கண்ட 46 பேரை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, இது அங்கொன்றும் இங்கொன்றுமாக நிகழும் தனிநபர் ஒவ்வாமை மட்டுமன்று, மருத்துவர்கள் அடிக்கடி காணும் ஒரு நோய்வகை என்பதை உணர்த்தியது. நெற்றியின் நடுவில் அரிப்போடு தொடங்கி, நாளடைவில் கருத்துத் தடித்துப்போகும் அந்த வட்டத்தை ‘குங்குமம் இட்டு இட்டு வந்த தழும்பு’ என்று பெண்கள் இயல்பாக ஏற்றுக்கொண்டிருப்பதால், பலர் மருத்துவரிடம் செல்வதே இல்லை. ஒட்டுப் பொட்டுக்கு மாறியவர்களுக்கும் முழு விடுதலை கிட்டிவிடவில்லை. பொட்டின் பின்புறப் பசையில் பயன்படுத்தப்படும் ஒருவகை ஃபீனால் பிசின் தோலின் நிறமிச் செல்களை அழிக்கக்கூடியது என்பதும், அதனால் பொட்டின் வடிவிலேயே வெண்திட்டு தோன்றலாம் என்பதும் நன்கு நிறுவப்பட்ட செய்திகளாகும்.

தோலைவிடக் கவலைக்குரியது காரீயம். வட இந்தியாவில் வகிட்டில் இடப்படும் சிந்தூரத்துக்குப் பழைய நாளில் செவ்வீயம் என்ற காரீய ஆக்சைடும், இங்குலிகம் என்ற பாதரசச் சேர்மமும் நிறம் தந்தன. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூஜெர்சியின் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 95 சிந்தூர மாதிரிகளையும், மும்பையிலும் தில்லியிலும் வாங்கிய 23 மாதிரிகளையும் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ ஐந்தில் நான்கு மாதிரிகளில் காரீயம் இருந்தது. அமெரிக்க அரசு அழகுசாதன நிறமிகளுக்கு வகுத்திருக்கும் வரம்பான கிராமுக்கு 20 மைக்ரோகிராம் என்பதைப் பல மாதிரிகள் தாண்டியிருந்தன. ஒரு சில மாதிரிகள் அந்த வரம்பைப் பல நூறு மடங்கு மீறியிருந்தன. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ரட்கர்ஸ் ஆய்வுக்கு ஏழாண்டுகள் முன்னர், 2010இல், பாஸ்டன் நகரக் குழந்தை மருத்துவர்கள், காரீய நச்சுக்கு ஆளான இந்தியக் குடும்பத்துக் குழந்தைகள் சிலரின் வீடுகளில் சுவர் வண்ணத்தைத் தேடாமல் மசாலாப் பொடிகளையும் வழிபாட்டுப் பொடிகளையும் தேடிச் சோதித்து, அவற்றில் காரீயம் இருப்பதைப் பதிவு செய்திருந்தனர். தமிழ்நாட்டுக் குங்குமம் சிந்தூரம் அன்று என்பதால் அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்துவது நேர்மையாகாது. ஆயினும் இரண்டும் ஒரே கடைத்தெருவில், ஒரே வகைப் பொட்டலத்தில், ஒரே ‘பூசைக்கு மட்டும்’ என்ற அடைமொழியோடு விற்கின்றன என்பதையும், வாங்குபவருக்கு இரண்டையும் பிரித்தறியும் வழி தரப்படவில்லை என்பதையும் ஒதுக்கிவிட முடியாது.

காரீயம் ஏன் இத்தனை அச்சத்துக்குரியது என்பதற்கு அது உடலில் நடந்துகொள்ளும் முறையே விடை. வேதியியல் நடத்தையில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தை ஒத்திருப்பதால், கால்சியம் செல்லும் வாயில்கள் வழியாகவே அது குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து எலும்புக்கும், வளரும் மூளைக்கும் செல்கிறது. இரத்தத்தில் சில வாரங்களே தங்கும் காரீயம் எலும்பில் பல பத்தாண்டுகள் உறைகிறது. கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாயின் எலும்பு கரைந்து கால்சியம் வெளிப்படும்போது, அவள் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த காரீயமும் கூடவே வெளிவந்து சிசுவைச் சேரக்கூடும். விழுங்கிய காரீயத்தில் ஒரு பெரியவரின் குடல் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கைக் குழந்தையின் குடல் உறிஞ்சுகிறது. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையில் இது மேலும் கூடுகிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உண்டு என்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியிருக்கும் நிலையில், இச்செய்தியின் கனம் புரியும். காரீயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே மூலத்தைத் தேட வேண்டும் என்று அந்நிறுவனம் 2021இல் வழிகாட்டியது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளைச் சோதித்து 2009இல் வெளிவந்த ஆய்வு, அவர்களுடைய இரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்ததையும், அளவு கூடுதலாக இருந்த குழந்தைகளின் கவனக்குறைவையும் பதற்றத்தையும் ஆசிரியர்கள் வகுப்பில் கண்டதையும் பதிவு செய்தது. அக்காரீயம் பெட்ரோலிலிருந்தும் சுவர் வண்ணத்திலிருந்தும் தொழிற்கூடங்களிலிருந்தும் பல வழிகளில் வந்திருக்கலாம். குங்குமத்தின்மீது அப்பழியைச் சுமத்த அவ்வாய்வில் இடமில்லை. ஏற்கெனவே பாதி நிறைந்த பாத்திரத்தில் மேலும் ஒரு துளியைச் சேர்க்கலாமா என்பதுதான் இங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மஞ்சளைப் பொறுத்தவரை, பூசை அலமாரிக்கும் அடுக்களைக்கும் இடையே எல்லையே கிடையாது. சுமங்கலிகளுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கும் மஞ்சளும், ஆடி வெள்ளியில் கோயிலிலிருந்து கொண்டுவரும் மஞ்சளும் வீட்டில் சேர்ந்து மிகுந்துவிடும்போது, அவற்றை இடித்துச் சமையலில் சேர்ப்பது சிக்கனமும் பக்தியும் கலந்த வழக்கம். மஞ்சளின் மேற்பூச்சைப் பளபளப்பாக்கக் காரீய குரோமேட் என்னும் அடர்மஞ்சள் நிறமியைப் பூசும் கொடுமை தெற்காசியாவின் சில பகுதிகளில் நடந்துவந்திருக்கிறது. ஓவிய வண்ணத்துக்கும் சாலைக்கோட்டுக்கும் பயன்படும் இந்நிறமியில் காரீயத்தோடு குரோமியமும் சேர்ந்திருப்பதால் தீங்கு இரட்டிக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் திரட்டிய 356 மாதிரிகளைப் பற்றி 2024இல் வெளிவந்த ஆய்வில், ஏழில் ஒன்று கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் கொண்டிருந்தது. பாட்னாவில் கிடைத்த மெருகேற்றிய மஞ்சளில் அது 2,000 மைக்ரோகிராமைத் தாண்டியது. மஞ்சளில் காரீயம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவு விதி.

இத்துறையில் நம்பிக்கை தரும் செய்தி வங்கதேசத்திலிருந்து வந்திருக்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே 1980களின் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்பதற்காகத் தொடங்கிய இந்நிறமிப் பூச்சு, பின்னர் வழக்கமாகவே நிலைத்துவிட்டது. கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் இருந்த காரீயத்தின் மூலத்தைத் தேடிச் சென்ற அமெரிக்க, வங்கதேச ஆய்வாளர்கள் கடைசியில் வந்தடைந்த இடம் மஞ்சள் மண்டி. 2019இல் முடிவுகள் வெளிவந்ததும் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்பு மண்டிகளில் எச்சரிக்கைத் தாள்களை ஒட்டியது. பொருளை அழிக்காமலே அதிலுள்ள உலோகத்தைச் சில நொடிகளில் காட்டும் ஊடுகதிர்க் கருவியைக் கையில் ஏந்திச் சென்று டாக்காவின் மொத்தச் சந்தையில் சோதித்து, கலப்படம் செய்தவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் தண்டம் விதித்தது. சந்தை மாதிரிகளில் 47 விழுக்காடாக இருந்த கலப்படம் 2021இல் இல்லாமலே போயிற்று. ஒரு கருவியும் ஓர் அதிகாரியும் நேர்மையான சில நாள்களும் இருந்தால் போதும் என்பதை அந்நாடு காட்டிவிட்ட பின், குங்குமத்துக்கும் திருநீற்றுக்கும் அதையே செய்யத் தமிழ்நாட்டில் தடையாக இருப்பது பணமோ தொழில்நுட்பமோ அல்ல என்றே கொள்ள வேண்டியுள்ளது. ரோடமைன்-பி என்னும் சாயம் கலந்ததற்காகப் பஞ்சு மிட்டாயை 2024 பிப்ரவரியில் தடைசெய்த மாநிலம், அதே வகைச் சாயம் நெற்றிக்குச் செல்லும் பொடியில் இருக்கிறதா என்பதையும் சோதித்துப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

கற்பூரம் உண்டாக்கும் ஆபத்து மெல்லச் சேர்வதன்று, நிமிடங்களில் நேர்வது. கற்பூர மரத்திலிருந்து வடித்தெடுத்த காலம் போய், இன்று விற்கும் வில்லைகளில் பெரும்பாலானவை பைன் மரத்தின் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து தொழிற்சாலையில் உருவாக்கப்படுபவை. சர்க்கரைப் பொங்கலிலும் பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் கடுகளவு சேர்க்கும் பச்சைக் கற்பூரம் வேறு, ஏற்றுவதற்கான சூடம் வேறு என்பதைப் பெரியவர்கள் அறிவர். தவழும் குழந்தை அறியாது. வெள்ளையாக, சதுரமாக, பளிங்குபோல் இருக்கும் சூட வில்லை கற்கண்டின் பக்கத்திலேயே, அதே பித்தளைத் தட்டில், பிரசாதம் வைக்கும் அதே உயரத்தில் இருக்கிறது. விழுங்கிய 5 நிமிடங்களிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வாந்தியும் அமைதியின்மையும் தோன்றி வலிப்பு வரக்கூடும். ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிருக்கு உலைவைத்த நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் உள்ளன. இதற்கு மாற்றுமருந்து இல்லை. வாந்தி வரவழைக்க முயல்வது வலிப்பின்போது மூச்சுக்குழல் அடைபடக் காரணமாகும் என்பதால் அதைத் தவிர்த்து, 108ஐ அழைத்து, எஞ்சிய வில்லைகளோடு மருத்துவமனைக்கு விரைவதே செய்யத் தக்கது. சளி பிடித்த கைக்குழந்தையின் மார்பில் தேங்காயெண்ணெயில் சூடத்தைக் காய்ச்சித் தேய்ப்பதும் இதே காரணத்தால் கைவிடப்பட வேண்டியது; கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். அமெரிக்காவில் கற்பூர எண்ணெய் விற்பனை 1980களின் தொடக்கத்திலேயே தடைசெய்யப்பட்டு, பிற மருந்துகளில் அதன் அளவு 11 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், வழிபாட்டுக்கும் பூச்சிவிரட்டவும் வைத்திருந்த கற்பூரத்தால் மூன்று குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை 2009இல் மருத்துவர்கள் எழுதினர்.

கற்பூரத்தின் தோற்றத்தையும் வாசனையின் சாயலையும் கொண்ட அந்துருண்டையைப் பற்றி இங்கேயே கூறிவிடுவது பொருத்தம். நாப்தலீன் என்னும் பொருளால் ஆன இவ்வுருண்டைகள் பட்டுப்புடவைகளுக்கிடையே பீரோவில் கிடப்பவை. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தக் கூடாது என்று, மெத்தென்று நைந்த பழைய வேட்டியையோ பாட்டியின் நூல்புடவையையோ எடுத்துப் போர்த்தும் அழகிய வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. அந்தத் துணி பல மாதங்கள் அந்துருண்டையோடு இருந்ததாயின், அதில் ஊறிய நாப்தலீன் சிசுவின் மென்தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இரத்தத்தை அடைகிறது. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு இதனால் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை உண்டாகலாம். இக்குறைபாடு இருப்பதைப் பிறந்த உடனே தோற்றத்தால் அறிய முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் நாப்தலீன் உருண்டைகளை 2008இல் விலக்கிவிட்டது. துவைத்து வெயிலில் நன்கு உலர்த்தி, அந்துருண்டை இல்லாத பெட்டியில் தனியே எடுத்துவைத்த பழந்துணி இதற்குப் போதும்.

புகையைப் பற்றிப் பேசும்போது சமயங்களுக்கிடையே வேறுபாடு இல்லை. இந்து வீடுகளில் வெள்ளி, செவ்வாய்களில் போடும் சாம்பிராணியும், வெள்ளிக்கிழமைகளில் மயிற்பீலியோடு கடை கடையாகத் தூபம் காட்டிச் செல்லும் பக்கிரிகளின் சாம்பிராணியும், தேவாலயத்துத் தூபக்கலசத்தில் எரியும் குங்கிலியமும் மரப்பிசினின் எரிப்பே. ஒரு கிராம் ஊதுபத்தி எரியும்போது ஏறத்தாழ 45 மில்லிகிராம் நுண்துகள் வெளிப்படுகிறது என்றும், ஒரு கிராம் சிகரெட்டு வெளியிடுவது 10 மில்லிகிராம் என்றும் அளவிடப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் சீன மரபினர் 61,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நெடுங்காலம் அன்றாடம் வீட்டில் ஊதுபத்தி எரித்தவர்களுக்கு மேல் மூச்சுப்பாதையின் சிலவகைப் புற்றுநோய்கள் கூடுதலாக ஏற்பட்டதைக் காட்டியது. இவை ஆண்டுக்கணக்கில் எரித்தவர்களைப் பற்றியவை. மார்கழி முழுவதும் காலையில் ஒரு பத்தி ஏற்றும் வீட்டோடு நேரடியாக ஒப்பிடத் தக்கவை அல்ல. ஆனால், பிரசவித்த பெண்ணுக்கும் சிசுவுக்கும் தலைக்கு நீர் ஊற்றிய பின், கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு, கரித்தணலில் சாம்பிராணியைத் தூவி, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் கூந்தலை விரித்து உலர்த்தும் வழக்கத்தில், மூச்சுக்குழல்கள் சில மில்லிமீட்டரே அகலமுள்ள ஓர் உயிர் அந்தப் புகைக்குள் வைக்கப்படுகிறது. கரித்தணல் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது என்பதால், சாம்பிராணியின் நறுமணத்துக்கு நடுவே அது இருப்பதே தெரிவதில்லை. இப்போது தணலுக்குப் பதிலாகக் கடைகளில் விற்கும் கப் சாம்பிராணியிலும் கரித்தூளே எரிகிறது. இரவில் அதே அறையில் கொசுவர்த்திச் சுருளும் ஏற்றப்படுமாயின், ஒரு சுருள் முழுதும் எரிந்து வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு நிகர் என்று 2003இல் அளவிடப்பட்டதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இத்தனை செய்திகளும் மருத்துவ இதழ்களில் கிடந்தும் குடும்பங்களைச் சென்றடையாததற்கு அறியாமையை மட்டும் காரணமாகக் காட்டுவது நியாயமன்று. சாம்பிராணி போடுவதும், சூடம் தேய்ப்பதும், கோயில் குங்குமத்தைக் குழந்தைக்கு இடுவதும் பெரும்பாலும் பாட்டியின் பொறுப்பில் உள்ளவை. அவை அவர் அறிந்த அன்பின் வடிவங்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய மருமகள் ‘டாக்டர் வேண்டாமென்றார்’ என்று சொல்லும்போது, மாமியாரின் காதில் அது மருத்துவச் செய்தியாக விழாமல், தம் கைப்பக்குவத்தின்மீதும் குலவழக்கத்தின்மீதும் சாட்டிய குற்றமாகவே விழுகிறது. மருத்துவர்களும் சமயம் சார்ந்ததைத் தொட அஞ்சி, ‘கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்ற அளவில் நின்றுவிடுகின்றனர், அலுவலர்களும் அவ்வாறே. இந்த மௌனத்தால் நம்பிக்கைக்கு எந்த மரியாதையும் சேர்வதில்லை. இதனால் பயன்பெறுபவர் மலிவான சாயத்தை விற்பவர் மட்டுமே.

நம்பிக்கையின் உள்ளிருந்தே இதற்கொரு அளவுகோல் கிடைக்கிறது. உண்ணத் தகாத எதையும் படையலில் வைப்பதில்லை என்பது எல்லா வீடுகளிலும் உள்ள நெறி. அடிபட்ட பழத்தையும் வாசனை பார்த்த பூவையும் இறைவன்முன் வைக்கத் துணியாத குடும்பம், ‘உண்ணத் தகாதது’ என்று அச்சிட்ட தீப எண்ணெயையும், எதனால் ஆனது என்று எழுதப்படாமல் திருநீறு என விற்கும் வெண்பொடியையும் அங்கே வைப்பது அந்நெறிக்கே முரண். ‘பூசைக்கு மட்டும்’ என்பது தரத்தில் உயர்ந்தது என்று பொருள்பட்டிருக்க வேண்டிய சொல். வணிகம் அதைத் தாழ்ந்த தரத்தின் அடையாளமாக்கிவிட்டது. பூசைக்குரிய பொடிகள் அனைத்தும் உணவுக்குரிய காரீய வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று அரசு ஒரே வரியில் விதி செய்யலாம். மூலப்பொருள்களின் பெயரைப் பொட்டலத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்கலாம். பெருந்திரளான மக்களுக்குக் குங்குமமும் திருநீறும் வழங்கும் பெரிய கோயில்கள் தாம் கொள்முதல் செய்யும் சரக்குக்கு ஆய்வகச் சான்று கேட்கலாம். கோயில்கள் கேட்கத் தொடங்கினால் சந்தை தானே வழிக்கு வரும்.

அதுவரை வீட்டளவில் செய்யக்கூடியவை சில உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொண்டு சிறிதளவு குங்குமத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வெண்காரம் உண்ணத் தக்கதன்று என்பதால் கைக்குழந்தை இருக்கும் காலத்தில் அம்முறையைத் தவிர்ப்பது நல்லது. மஞ்சளைப் பொடியாக வாங்காமல், மெருகேற்றாத, சற்று மங்கிய நிறமுள்ள கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்ளலாம். மாங்கல்யத்தில் இடும் குங்குமத்தைப் பாலூட்டும் மாதங்களில் நிறுத்திவைத்து, நெற்றியோடு அமையலாம். சூடத்தையும் அந்துருண்டையையும் ஐந்தடிக்கு மேல், மூடி இறுக்கிய டப்பாவில் வைத்து, தீபாராதனையை நெய்விளக்கால் செய்யலாம். கருவறையில் கற்பூரம் காட்டாமல் நெய்விளக்கு மட்டுமே காட்டும் கோயில்கள் தமிழ்நாட்டில் இருப்பதால் இது புதுமையும் அன்று. சாம்பிராணியைச் சன்னல் திறந்த கூடத்தில், சிசு வேறு அறையில் உறங்கும் நேரத்தில் போடலாம். கவனக்குறைவு, விடாத வயிற்றுவலி, மருந்துக்கு அடங்காத இரத்தசோகை ஆகியவை உள்ள குழந்தைக்கு இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்குமாறு மருத்துவரிடம் பெற்றோரே கேட்கலாம். பெருநகரங்களின் ஆய்வகங்களில் இச்சோதனை கிடைக்கிறது. அளவு கூடுதலாக இருந்தால் முதல் மருத்துவம் மாத்திரை அன்று, மூலத்தைக் கண்டுபிடித்து அகற்றுவதும், இரும்பும் கால்சியமும் நிறைந்த உணவைக் கொடுப்பதுமே. மிக உயர்ந்த அளவுகளுக்கு மட்டுமே காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் பயன்படுகின்றன.

கண் மையும், சுர்மாவும், குழந்தையின் கன்னத்தில் இடும் திருஷ்டிப் பொட்டும் காரீயத்தோடு கொண்டிருக்கும் தொடர்பு தனியே ஆராயத் தக்க அளவு விரிந்தது. விளக்கெண்ணெய்ச் சுடரின் கரியைப் படியவிட்டு வீட்டில் எடுக்கும் மைக்கும், காரீய சல்பைடு என்னும் கனிமத்தை அரைத்துச் செய்யும் சுர்மாவுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து அடுத்த பகுதி தொடங்கும்.